ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது மாத்திரை போட்டுக்கொண்டது. வாசல் தெளிப்பதற்கும் பால் காய்ச்சுவதற்கும் முன்னால், சொம்பில் இருந்த தண்ணீரோடு, நின்றபடியே. அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். மறைந்து போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பழைய பழக்கத்தில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் போட்டேன். பிறகு குளித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, சாலவாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் நேரத்துக்கு வந்தது. படிக்கட்டில் நின்று கூவும் குரல் மட்டும் வரவில்லை.

ஏறி உட்கார்ந்ததும், கீரைக் கட்டுகளோடு முன்சீட்டில் இருந்த தேசம்மா திரும்பிப் பார்த்து, "ஏழுமல போயிட்டான்மா" என்றாள். எங்கே என்று கேட்டேன். வேறு டெப்போவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புதிதாக வந்திருந்த கண்டக்டர் மெஷினோடு வந்து எங்கே என்று கேட்டார். "கடைத்தெரு ஒண்ணு" என்றேன். பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது. அந்த மனிதர் இல்லாமல் அது ஒரு நாளாவது சற்றுத் தயங்கும் என்று எதனாலோ எதிர்பார்த்திருந்தேன்.

அன்று காலை போட்டதுதான் நான் போட்ட கடைசி மாத்திரை. இதை எழுதும் இந்த நாள்வரை மறுபடி போடவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூருக்குக் காலை பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பல வருஷங்களாக எங்கள் பஸ்ஸின் கண்டக்டர் அவர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, காக்கிச் சட்டையின் காலருக்குள் எப்போதும் ஒரு கைக்குட்டை. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். மற்ற கண்டக்டர்களுக்கு அது போதும். அவருக்குப் போதாது. ரைஸ்மில் வந்தால், "ரைஸ்மில்லு! நெல்லெல்லாம் எறங்கு, அரிசி அப்டியே ஒக்காரு" என்பார். பள்ளிக்கூடம் வந்தால், "படிக்கிற புள்ளைங்கோ எறங்கலாம், படிக்காத புள்ளைங்களும் எறங்கித்தான் ஆவணும்." ஏரிக்கரையில் நிற்கும்போது, காற்று வாங்குவதற்கு டிக்கெட் தேவையில்லை என்று அறிவிப்பார். நான் வேளாண்மை விரிவாக்க மையத்தில் இளநிலை உதவியாளர். எங்கள் அலுவலகத்தில் விவசாயிகளுக்கு விதை கொடுப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் வெத மேடம். "வெத மேடம் ஏறியாச்சு, இனிமே மழ வந்தாலும் பரவால்ல, போலாம் ரைட்" என்று அவர் சொல்லும்போது, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து யாரோடும் பேசியிராத எனக்கு அதுதான் அன்றைய முதல் குரலாக இருக்கும். பல நாட்கள் அதுவே கடைசிக் குரலாகவும் இருந்திருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரி வாசலில், "ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்! பாத்துட்டு சீக்கிரம் வூட்டுக்குப் போங்க" என்று கூவுவது அவர் வழக்கம். வியாழக்கிழமைகளில் மட்டும் கூவமாட்டார். ஒரே ஒரு விசில், அவ்வளவுதான். இதை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. ஏனென்றால் வியாழக்கிழமைகளில் அந்த நிறுத்தம் வரும்போது நான் ஜன்னலுக்கு வெளியே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமைதான் காஞ்சிபுரத்திலிருந்து மனநல டாக்டர் வருகிற நாள். எங்கள் பக்கத்தில் அந்தப் பிரிவின் பெயரை யாரும் சொல்வதில்லை. வியாழக்கிழமை டாக்டர் என்பார்கள். நான் ஆஸ்பத்திரியைத் தாண்டி, கடைத்தெருவில் இறங்கி, காய்கறி வாங்குகிறவள் போல ஒரு கடையில் நின்றுவிட்டு, சந்து வழியாகத் திரும்பி நடந்து ஆஸ்பத்திரியின் பின்கேட்டில் நுழைவேன். அப்படி நுழைந்த ஒரு வியாழக்கிழமை, டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில், காக்கிக்குப் பதிலாகக் கோடு போட்ட சட்டையில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அன்று அவர் லீவு போட்டிருந்தார். ஓடிவிட நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம், சுகரா?" என்றார்.

"ஆமாங்க, சுகர்தான்" என்றேன்.

"எனுக்கும் சுகர்தான்."

எங்கள் தலைக்கு மேலே மனநலப் பிரிவு என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது. இருவரும் அதைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு அவர் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பலகையைப் படித்துவிட்டு, என் பக்கம் குனிந்து சொன்னார்: "ஆனா மேடம், இந்தச் சுகருக்கு லட்டு துன்னலாம். ஒண்ணும் பண்ணாது."

அந்தப் பெஞ்சில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சிரித்தது நான்தான்.

அதிலிருந்து பஸ்ஸில் எங்கள் பேச்சு சர்க்கரையைப் பற்றியதாக இருந்தது. டிக்கெட் கொடுக்க வரும்போது, "சுகரு எப்டி கீது மேடம்?" என்பார். பரவாயில்லை என்பேன், அல்லது ஏறியிருக்கிறது என்பேன். அவருக்குப் புரியும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த தேசம்மா, இரண்டு பேருக்குமே சர்க்கரையா என்று மனம் இளகி, தன் தோட்டத்துப் பாகற்காயைக் கொண்டுவர ஆரம்பித்தாள். கைநிறைய எனக்கு, கைநிறைய அவருக்கு. சாற்றைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தோமா என்று விசாரிப்பு வேறு. அவர் முகத்தைச் சுளிக்காமல், குடித்தேன் ஆயி, குடல் வரைக்கும் கசக்கிறது என்று பதில் சொல்வார். பாகற்காய் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் மனைவி அமுதா அதை வறுத்துத் தின்றாளாம். நான் வாரத்தில் பாதி நாள் பாகற்காய்க் குழம்புதான் சாப்பிட்டேன். தேசம்மா, நீங்கள் இதைப் படிக்கக் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பொய்க்கு நீங்கள் கொடுத்த காய் பொய்யில்லை.

எங்கள் சினேகம் அந்தப் பஸ்ஸுக்குள்ளும் அந்தப் பெஞ்சிலும் மட்டும்தான் இருந்தது. அவர் வீட்டுக்கு நான் போனதில்லை. அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. அவருக்கு எதனால் இந்த நோய் வந்தது என்று நான் கேட்டதில்லை. அவராகவே ஒருமுறை சொன்னார். "காரணம் எதுனா கீதான்னு நானும் தேடிப் பாத்தேன் மேடம். வூடு கீது, வேல கீது, அமுதா கீறா. ஒரு கொறையும் இல்ல. ஆனா காலைல எந்திரிச்சா ஒலகமே சாயம் போன துணி மாதிரி கீது." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. என்னுடையதும் அதே நிறம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது, அந்தப் பஸ்ஸில் வருகிற உங்களில் பலருக்குத் தெரியாது. நீங்கள் அவரைப் பற்றி வேறு ஒன்றை நினைத்திருந்தீர்கள்.

ஏழுமலை வருஷம் தவறாமல் சபரிமலைக்கு மாலை போடுவார். கார்த்திகை பிறந்ததும் காக்கிச் சட்டைக்கு மேல் துளசிமாலை ஏறிவிடும். நாம் எல்லோரும் அவரைச் சாமி என்று கூப்பிடுவோம். அவரும் நம் எல்லோரையும் சாமி என்பார். அந்த நாட்களில் குரல் இன்னும் பலமாக இருக்கும். மாலை போட்ட அன்றே அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்பது பழகிய இரண்டாவது வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கறி கூடாது, குடி கூடாது, செருப்பு கூடாது என்ற வரிசையில் இதையும் அவரே சேர்த்துக்கொண்டார். பிரஷருக்கோ காய்ச்சலுக்கோ ஆன மாத்திரை என்றால் விட்டிருக்கமாட்டார். இது மனசுக்குப் போடும் மாத்திரை ஆயிற்றே, ஒருவகைப் போதைதானே என்பது அவர் கணக்கு. போதையோடு மலை ஏறலாமா?

அதைவிட ஒன்று. நிறுத்திய சில நாட்களில் தலைக்குள் மின்னல் வெட்டுமாம். தலையைத் திருப்பினால் ஒரு ஷாக், படி இறங்கினால் ஒரு ஷாக். கண் முன்னால் எல்லாம் ஒரு கணம் வழுக்கிப் போகும். கனவுகள் நிஜத்தைவிடத் தெளிவாக வரும். "மொத வருஷம் சாமிதான் வருதுன்னு நெனச்சிட்டேன் மேடம்" என்றார் அவர், பெஞ்சில் உட்கார்ந்து. "பஜனைல நிக்கறேன், சுர்ருன்னு ஏறுது. பக்கத்துல கீறவன்லாம் என்னைய புடிச்சிக்கினு சரணம் சொல்றான். எனுக்கு அவ்ளோ சந்தோஷம். ஐயப்பன் என்னைய மட்டும் தேடிக்கினு வந்துட்டாருன்னு." பல வருஷங்கள் கழித்து டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அது மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு காட்டுகிற அறிகுறி என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். "எத்தினி பேருக்கு மேடம் சாமியே மாத்திர அட்டைல வருது" என்று சொல்லி அவரே சிரித்தார். ஆனாலும் அந்தச் சாமி போய்விட்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகுதான் அசல் இருட்டு வரும். தை, மாசி இரண்டும் அவருக்கு இல்லாத மாதங்கள். கூவமாட்டார். யார் முகத்தையும் பார்க்கமாட்டார். டிக்கெட்டை நீட்டுகிற கையை மட்டும்தான் நாம் பார்ப்போம். விரதம் முடிந்ததும் ஏழுமலை குடிக்க ஆரம்பித்துவிடுகிறான் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நானும் அதைக் கேட்டேன். மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் கையில் இருந்தது. அதைச் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

ஒரு மாசி மாதக் காலை உங்களுக்கும் நினைவிருக்கும். ஏரிக்கரை நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தாயிற்று. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. அவர் ஒரு விசில் கொடுத்தார். வண்டி நின்றது. இறங்கிப் போய்க் கரை மேல் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். டிரைவர் இறங்கிப்போய் என்னவோ சொன்னார். பின்சீட்டில் இருந்தவர்கள் கத்தினார்கள். ஆபீசுக்கு நேரமாகிறது, காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான், புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வந்து இரண்டு விசில் கொடுத்தார். என் சீட்டைத் தாண்டும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எறங்கிட்டேன் மேடம். ஏறத்தான் பேஜாரா கீது" என்றார்.

பங்குனியில் மறுபடி மாத்திரையை ஆரம்பிப்பார். ஆரம்பித்த உடனே அது வேலை செய்வதில்லை. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் அவரைப் பார்த்த முதல் வருஷம் சித்திரை பிறந்தபோது ரைஸ்மில் வாசலில் மறுபடி குரல் கேட்டது. அடுத்த வருஷம் வைகாசி ஆகிவிட்டது. அதற்கடுத்த வருஷம் ஆனியிலும் சரியாகவில்லை. பழைய அளவு கேட்கவில்லை என்று டாக்டர் கூட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறுகிற படி உயர்ந்துகொண்டே போயிற்று. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, மறுபடி ஓடி வந்து தொற்றிக்கொள்கிற பையன்களை அவர் வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறார். "கடசில நானே ஃபுட்போர்டு பார்ட்டி ஆயிட்டேன் மேடம்" என்றார்.

அந்த வருஷம் டாக்டரிடம் நாங்கள் அடுத்தடுத்துப் போனோம். கதவு சாத்தாத அறை. அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. இது பழகிப்போய் மனிதரை அடிமையாக்குகிற தூக்க மாத்திரை இல்லை என்றார் டாக்டர். ஆனால் உடம்பு இதற்குத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது, திடீரென்று நிறுத்திவிட்டால் தடுமாறும். நோய் முழுக்க ஆறுவதற்குள் நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த முறை வருவது எளிதாகிவிடும். மறுபடி ஆரம்பித்தால் அதே மாத்திரை அதேபோலக் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சிலருக்குக் கேட்கும், சிலருக்குத் தாமதமாகும். காலம் முழுவதும் போட வேண்டும் என்றும் இல்லை. நிறுத்துகிற நாள் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். பிறகு சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "எப்ப நிறுத்தலாம்னு கேக்கறது தப்பே இல்ல ஏழுமலை. கேக்காம நிறுத்தறீங்களே, அதுதான்."

வெளியே வந்ததும் ஏழுமலை அதைத் தன் மொழியில் மாற்றிக்கொண்டார். "ஸ்டாப்பிங் கீதாம் மேடம். ஆனா ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடி எறங்கக் கூடாதாம்."

புரிந்துகொண்டார். ஆனாலும் கார்த்திகை நெருங்க நெருங்க அவருக்குத் தவிப்பு ஆரம்பித்தது. மாலையா மாத்திரையா என்று. அப்போதுதான் நான் ஒன்று சொன்னேன். உங்களுக்கு மாலை போட்டுவிடுகிற குருசாமியிடமே கேட்டுவிடுங்களேன் என்றேன். அவர் வெட்கப்பட்டார், கேட்டால் எதற்கு மாத்திரை என்று சொல்ல வேண்டிவரும். பிறகு ஒருநாள் கேட்டேவிட்டார். மறுநாள் காலை என் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். குருசாமி வேட்டியைத் தளர்த்தி வயிற்றைக் காட்டினாராம். ஊசி குத்திய புள்ளிகள். "அசல் சுகரு மேடம் அவுருக்கு. 'மாலையோட தெனம் ஊசி குத்திக்கினு பதினெட்டுப் படி ஏறிக்கினு கீறேன், என்னைய ஐயப்பன் வாணான்னாரா? ஒடம்புக்கு ஒரு சாமி, மனசுக்கு ஒரு சாமியாடா?'ன்னு கேக்கறாரு. இத்தினி வருஷம் ஒரு வார்த்த கேக்காம வுட்டுட்டேன் பாருங்க."

அந்த வருஷம் அவர் மாலையும் போட்டார், மாத்திரையும் போட்டார். மின்னல் வரவில்லை. சாமியும் வரவில்லை, சாதாரணமாகத்தான் மலைக்குப் போய் வந்தேன் என்றார். அதை ஒரு புகார் போலவும் ஒரு நிம்மதி போலவும் சொன்னார். பிறகு தை வந்தது. இந்த வருஷத்துத் தை. கரும்புக் கட்டுகளோடு ஏறியவர்களிடம், கரும்புக்கு லக்கேஜ் உண்டு, இறங்குவதற்குள் தின்றுவிட்டால் கிடையாது என்று அவர் கூவியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பஸ் முழுக்கச் சிரித்தது. தை மாதத்தில் அவர் குரலை அந்தப் பஸ் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அதை நான் ஒருத்திதான் கவனித்தேன். யாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட முடியாத ஒரு சந்தோஷம் அது.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை, டெப்போவில் வண்டி எடுப்பதற்கு முன்னால், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அடக்கத்துக்குப் போயிருந்தோம். நான் தெருமுனை வேப்பமரத்தடியில், பஸ்ஸில் வருகிறவர்களோடு நின்றேன். உறவுக்காரர்கள் உள்ளே இருந்தார்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் மாலையோடு வந்தார்கள். எனக்கு அங்கே என்ன இடம் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஒரு பேச்சு தெருவில் பரவியிருந்தது. அவர் பையில் இருந்த மாத்திரை அட்டைகளை யாரோ எடுத்து, மெடிக்கல் ஷாப்பில் காட்டி விசாரித்திருந்தார்கள். சர்க்கரை மாத்திரை இல்லையாம், மனநோய்க்குப் போடுவதாம். தேசம்மா அழுதுகொண்டே சொன்னாள். "முன்னெல்லாம் வுட்டு வுட்டுப் போட்டுக்கினு இருந்தானாம். உசுரோட இருந்தான். இந்த வருஷம் வுடாம போட்டானாம். அதான் நெஞ்ச அரிச்சிடுச்சு." பிறகு சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உனுக்கு இன்னா மாத்திரம்மா?"

"சுகர்தான்" என்றேன்.

மறுநாள் காலை மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன். போடவில்லை. தேசம்மா சொன்னதை நான் நம்பிவிடவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. விடாமல் போடும்படி அவரைக் குருசாமியிடம் அனுப்பியது நான். ஒருவேளை அது உண்மையாக இருந்தால்? கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். அந்த வாரம் வியாழக்கிழமை பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டியது, நான் கடைத்தெருவில் இறங்கி நேராக அலுவலகத்துக்குப் போனேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

சில நாட்களில் எனக்கும் மின்னல் வந்தது. பீரோவைத் திறக்கத் திரும்பும்போது, மாடிப்படி இறங்கும்போது. அது சாமி இல்லை என்று தெரிந்திருப்பதில் ஓர் ஆறுதலும் இல்லை. நிலக்கடலை விதை கேட்டு வந்த ஒரு பெரியவரிடம் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் வீடு சாயம் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்த நிறம்.

காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். யார் என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். வாசலில் நின்ற என்னை அமுதா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்கதான் பாவக்கா மேடமா?" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார். லட்டு உள்பட. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். இரண்டு நாளாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். வாயுதான் என்று சோடா குடித்தாராம். அவருடைய அப்பாவும் இதே வயதில் இப்படித்தான் போனாராம். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, அந்த மாத்திரையால் ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன்.

"எல்லாரும் அதான் கேக்கறாங்க. நானும் பெரிய ஆஸ்பத்திரில டாக்டர கேட்டுட்டேன். ரத்தக் கொயா அடச்சிக்கினு இருந்துச்சாம். மாத்திர இல்லம்மான்னு சொல்லிட்டாரு." அவள் டம்ளரைத் தரையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "இந்த நோவு வந்ததுலேர்ந்து தை மாசம்னா எனுக்குப் பயம் மேடம். நான் பொங்க வெப்பேன், அவுரு செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு இருப்பாரு. இந்தத் தைல பான பொங்கறப்போ மொதல்ல சத்தம் போட்டது அவுருதான். பஸ்ல கூவற மாதிரி. நான் பானையப் பாக்கல, அவுரு மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்." டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "எனுக்குக் கெடச்சது அந்த ஒரு தைதான். அதப் போயி மாத்திர கெடுத்துச்சு, மாத்திர அரிச்சுச்சுன்னு சொல்றாங்க. குடிகாரன்னு வேற சொன்னாங்களாமே. நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. சொல்லுங்க எல்லாருக்கும்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏழுமலை குடித்ததில்லை. அவர் கேட்காமல் இறங்கினார், திரும்பத் திரும்ப இறங்கினார். கடைசியில் ஒரே ஒரு வருஷம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் அவர் நன்றாக இருந்தார்.

அவரிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பொருளும் இல்லை. வெத மேடம் என்ற பெயர் இருக்கிறது, இனி அப்படி யாரும் கூப்பிடப் போவதில்லை. லட்டு தின்னலாம் என்ற அந்த வாக்கியம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வாசலில் அவர் கூவாமல் விட்டாரே, அந்த ஒரு விசில் இருக்கிறது. அங்கே தலையைக் குனிந்து இறங்குகிறவர்களுக்காகவும், இறங்காமல் தாண்டிப்போகிற என்னைப் போன்றவர்களுக்காகவும் அவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தார். அது அவருடைய அன்பு. அந்த அன்புக்குள் நான் ஒளிந்துகொண்டே இருந்தேன். இனி அப்படி ஒளித்துவைக்க அங்கே ஆள் இல்லை.

நாளை வியாழக்கிழமை. சொல்லாமல் நிறுத்திவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். மறுபடி எப்படி ஆரம்பிப்பது, எந்த அளவில், என்றைக்காவது நிறுத்தலாமா, இதயத்துக்கு இதனால் ஏதாவது உண்டா, எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து அண்ணன் சாயங்காலம் போன் செய்தான். அவனிடம் சொல்லவில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. புதிய கண்டக்டருக்கு என்னைத் தெரியாது, எங்கே என்று கேட்பார். தேசம்மா முன்சீட்டில் கீரைக் கட்டுகளோடு இருப்பாள். அவளுக்கும் கேட்கும்படி சொல்லப் போகிறேன்:

"ஆஸ்பத்திரி ஒண்ணு."